இருபது அல்ல, பத்தொன்பது

சாமி,

உன் பதில் நேற்று வந்தது. படித்தேன். மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். "அளவு சரியாகத்தான் இருக்கிறது அப்பா. உங்களுக்கு டயர் மேல் பயமில்லை, என் மேல்தான் பயம். அது எனக்குப் புரிகிறது. இந்தத் தடவை மெதுவாகவே ஓட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியின் பணிவை என்னால் தாங்க முடியவில்லை. போன வாரம் நான் உனக்கு எழுதியது நான்கு வரி. அந்த டயர்கள் நம் காருக்குச் சேராது, போட்டிருந்தால் கழற்றிவிடு, மருமகளைப் பஸ்ஸில் கூட்டிப் போ. அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. காரணம் இல்லாத எச்சரிக்கையை நீ எதை வைத்துப் படிப்பாய் என்று யோசித்திருக்க வேண்டும். நான்கு வருடமாக உனக்குள் கிடக்கிற ஒன்றை வைத்துத்தான் படிப்பாய். அப்படித்தான் படித்திருக்கிறாய். அதை உனக்குள் வைத்தவன் நான். அதனால் இந்த இரண்டாவது கடிதம் நீளமாக இருக்கும்.

சேலம் அஸ்தம்பட்டியில் உன் அத்தை வீட்டு முன்னறையில் காலை நீட்டிக் கிடக்கிறேன். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. இன்னும் மூன்று வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிணற்றடிப் பாசியில் வழுக்கியவனுக்கு இவ்வளவு ராஜமரியாதை. நடக்க முடிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து, கொட்டகைக்குள் போய், அந்த நான்கு டயரையும் என் கையாலேயே கழற்றிப் போட்டிருப்பேன். ஏன் என்று நீ கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நடக்க முடியாததால்தான் எழுதுகிறேன். இன்று செவ்வாய். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அத்தை மகன் இதைக் கொண்டு வந்து உன் கையில் கொடுப்பான். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் கட்டுச்சோறு கொண்டு வருகிறார்கள். அன்று மதியமே மருமகளை வாழப்பாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, நம் காரில் கொண்டு போய் விடுவதாகச் சொல்லியிருக்கிறாய். ஏழு மாத வயிறு. நாமக்கல்லிலிருந்து சேலம், சேலத்திலிருந்து வாழப்பாடி. இடையில் எத்தனை வளைவு என்று படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது.

உன் முதல் கடிதத்தை நான் எவ்வளவு சந்தோஷமாகப் படிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் நம்புவாயா? நான்கு வருடம் கல்லின்மேல் ஏற்றி நிறுத்திய காரை நீ தொட்டிருக்கிறாய். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைக் கழித்துவிட்டபோது, அதில் வந்த லாரி டயர் நான்கு சேலத்தில் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். புதுசு மாதிரி, ரப்பர் முள் கூடத் தேயவில்லை. மருமகள் உன்னிடம், "நீங்க மோட்டார் ஓட்டுவீங்களாமே, நெசமாங்க? உங்கம்மா சொன்னாங்க. எனக்கொருக்காக் காட்டுங்களே" என்று கேட்டாள். நீ முதலில் எழுந்து வெளியே போய்விட்டாய். பிறகு திரும்பி வந்து சரி என்றாய். இவ்வளவையும் உன் கையெழுத்திலேயே படித்தேன். உன் அத்தையைக் கூப்பிட்டு இன்னொரு தடவை உரக்கப் படித்தேன். அடுத்த பக்கம் திருப்பினேன். "நீங்கள் அன்று காட்டிய மாதிரியே நூல் வைத்து அளந்தேன். இருபது. நம் ஆசாரியும் பார்த்துச் சரி என்றார். கம்பி போட்டு நெம்ப வேண்டிய வேலையே இல்லை, நானும் பண்ணையாள் மாரப்பனும் கையாலேயே ஏற்றிவிட்டோம்." கையாலேயே என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அத்தை, "மேல படிங்கண்ணா" என்றாள். கண்ணாடி சரியில்லை என்றேன்.

கையால் ஏறுகிற டயர் அந்தச் சக்கரத்தின் டயர் இல்லை. சரியான டயர் சண்டை போடும். முழங்காலை ஊன்றி, இரண்டு கம்பி போட்டு, ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் மறுபக்கம் வெளியே வரும். வியர்க்க வேண்டும். வாயில் நல்ல வார்த்தை வராது. ஏனென்றால் டயரின் ஓரத்துக்குள்ளே இரும்புக்கம்பி வளையம் இருக்கிறது. அது நீளாது, சுருங்காது. ரிம்மின் உதட்டைத் தாண்டி உள்ளே போய், அங்கே இருக்கிற தளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். டயரின் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் டயரின் பருமன். இரண்டாவது எண் அது உட்காரும் தளத்தின் குறுக்களவு. உட்காரும் தளம் உதட்டுக்கு உள்ளே, கீழே இருக்கிறது. உதடு அதைவிட அரை அங்குலத்துக்கு மேல் சுற்றிலும் உயர்ந்து நிற்கிறது. உதட்டைச் சுற்றி நூல் வைத்து வகுத்தால் இருபதேகால் வரும். நீ இருபது என்பாய். நானும் இருபது என்றேன். உள்ளே தளம் பத்தொன்பது. இருபது அங்குல டயர் நம் ரிம்மில் உட்காருவதில்லை. தொங்குகிறது. காற்று அடித்தால் உதட்டோடு ஒட்டி நின்று, சரியாக இருப்பதுபோல் காட்டும். நேர் சாலையில் ஓடும். மெதுவாகப் போனாலும் ஒரு வளைவு போதும்.

என்னை நம்ப வேண்டாம். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்று. டயரை எடுத்துவிட்டு, டியூபின் காற்றுக்குழாய் வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில் ரிம்மின் உட்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய். துரு கனமாக இருக்கும், கொஞ்ச நேரம் தேய்க்க வேண்டும். அடியில் எண் வெட்டியிருக்கும். நீயே படி.

இந்தத் தவறு நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். பாதி தெரியும். யுத்தத்தில் டயர் என்ற வார்த்தையே ஊரில் இல்லாமல் போயிருந்தது. நம் காரில் இருந்தவை வழுக்கைத் தலையாகிவிட்டன. பக்கத்தில் இருந்த எண்கள், இரண்டு வேலிக்கு நடுவே போகும் நம் இட்டேரி வண்டித் தடத்தில் உரசி உரசி அழிந்திருந்தன. முதல் எண் மட்டும் மிச்சம், ஐந்து. இரண்டாவதை யாரிடம் கேட்பது? நம் வண்டிகளுக்கு இரும்புப் பட்டா போடுகிற ஆசாரியைக் கூப்பிட்டேன். அதுதான் நமக்குத் தெரிந்த வழி. சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நீளத்துக்கு ஒரு விரல் குறைத்துப் பட்டாவை வெட்டி, நெருப்பில் பழுக்க வைத்து மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகிக்கொள்ளும். தலைமுறையாக நம் வீட்டில் எந்தச் சக்கரத்தையும் வெளியிலிருந்துதான் அளந்திருக்கிறோம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆசாரி, இதுல டயர் உள்ளுக்குள்ள போயி உக்காருதே, உதட்டு மேலயா அளக்கறது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏனுங்க, சட்டைக்கு அளவு எடுக்கோணும்னா ஒடம்பு மேலதானுங்களே எடுக்கோணும்? வவுத்தைக் கீறியா எடுப்பாங்க?" நீயும் சிரித்தாய். நூலின் ஒரு முனை உன் விரலில் இருந்தது. நான் சென்னையில் கணிதம் படித்தவன். நூலின் நீளத்தை ஏழால் பெருக்கி, இருபத்திரண்டால் வகுத்து, மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். இருபதேகால். கால் போனால் போகிறது. கணக்கு சரி. அளந்த இடம் தப்பு. நூல் ஆசாரியுடையது, கணக்கு என்னுடையது. இரண்டு பேரில் ஒருவருக்கும் டயர் எங்கே உட்காருகிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. இல்லை, எனக்குத் தோன்றியது. சிரிப்பில் விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாத பாதி இதற்குப் பிறகு. லாரிக்காரர் ஒருவரிடம் இருபது அங்குல டயர் இரண்டு கிடைத்தது. பின் சக்கரங்களுக்குப் போட்டேன். நீ அன்று தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாய். லாரிக்காரர் கொண்டு வந்து இறக்கும்போதே, "காருக்குங்களா? இது அதுக்குச் சேராதுங்களே" என்றார். "அளந்துட்டமுங்க" என்றேன். "அளந்தா சரி, உங்க மோட்டாரு, நீங்க படிச்சவுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டயர் கையாலேயே ஏறியது. முதலில் சந்தோஷம். பிறகு ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். விரல் போனது. போகக் கூடாது என்று அந்த விரலுக்கே தெரிந்தது. மூன்றாம் நாள் ஜலகண்டாபுரத்தில் உன் மாமன் கல்யாணம். அம்மாவுக்கு இருக்கிற ஒரே தம்பி. காரில் வருகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கூப்பனில் மிச்சம் பிடித்த பெட்ரோல் தயாராக இருந்தது. நெல் காயப்போடுகிற பழைய கித்தானை நீள நீளமாகக் கிழித்து, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சுற்றி, இடைவெளியை அடைத்தேன். காற்று அடித்தேன். நன்றாக இருப்பதுபோல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை நீ கேட்பதற்கு முன்பே, "நீயே ஓட்டு" என்றேன். உனக்குப் பதினெட்டு வயது. உன் முகம் எப்படி மலர்ந்தது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. உன்மேல் வைத்த நம்பிக்கை என்று நீ நினைத்தாய். நான் பின்னால் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின் சக்கரத்தின் மேலே உட்கார்ந்து, அதன் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. இடது சக்கரத்தின் மேலே நான், வலது பக்கம் அம்மா. கேட்டது, சாமி. ஏரிக்கரை வருவதற்கு இரண்டு மைல் முன்னாலேயே கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் மெல்லத் தட்டுவதுபோல ஒரு சத்தம், சுற்றுக்கு ஒரு தரம். நிறுத்து என்று ஒரு வார்த்தை. நீ நிறுத்தியிருப்பாய். ஏன் என்று கேட்டிருப்பாய். இறங்கிப் பார்த்திருப்பாய். கித்தானைப் பார்த்திருப்பாய். அப்பா என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்த்திருப்பாய். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா, "என்னுங்க, என்னமோ சத்தங் கேக்குது" என்றாள். "ரோட்டுச் சரளை" என்றேன்.

ஏரிக்கரை வளைவில் நீ வேகமாகப் போகவில்லை. எதிரே கரும்பு வண்டி வந்தது, நீ முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் உட்கார்ந்து நானே ஓட்டியிருந்தாலும் அதைவிட மெதுவாகப் போயிருக்க மாட்டேன். டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. ரிம் மண்ணில் குத்தியது. பின்புறம் சுழன்று, அம்மா இருந்த பக்கம் புளியமரத்தில் மோதியது. நீ அம்மாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாய். அவளுடைய வலது கை எப்படித் தொங்கியது என்று உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. சக்கரத்திலிருந்து தொங்கிய கித்தானை உருவினேன். ஒன்றல்ல, மூன்று துண்டு. சுருட்டி ஏரித் தண்ணீரில் எறிந்தேன். பிறகுதான் அம்மாவிடம் வந்தேன்.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெரியவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டுனது யாருங்க, இந்தப் பையனா? மீசையே மொளைக்கல, மோட்டாரைக் குடுத்தா அது ஏரித்தண்ணி குடிக்கத்தான் போவும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாய். என்னைப் பார்த்து, "அப்பா, நான் வேகமாப் போயிட்டனுங்களா?" என்று கேட்டாய். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல்கூட இருந்திருக்கலாம். நான் சொன்னேன். "கொஞ்சம் வேகந்தான் சாமி." ஆறுதல் மாதிரி, உன் தோளில் கை வைத்துச் சொன்னேன்.

அந்த மூன்று வார்த்தைகளைத்தான் நீ இத்தனை வருடம் சுமக்கிறாய்.

ரிம்மை நிமிர்த்துவதற்காகப் பிறகு சேலத்துக்குத் தனியாகக் கொண்டு போனேன். ஃபிட்டர் ஒருவர் துருவைத் தேய்த்து எண்ணைக் காட்டினார். "பத்தொம்பதுங்க இது. இருபது எவன் மாட்டுனான்? அப்பன் செருப்பைப் போட்டுக்கிட்டு மகன் ஓடுன மாதிரியில்ல இருக்கும்" என்றார். "தெரியலைங்க" என்றேன். திரும்பி வந்து காரைக் கல்லின்மேல் ஏற்றினேன். நீ அதன் பக்கம் வரவே இல்லை. அம்மாவின் முழங்கை அதற்குமேல் மடங்கவில்லை. தலை பின்ன முடியாது. அறையைச் சாத்திக்கொண்டு நான்தான் பின்னிவிட்டேன். "மாட்டுக்குக் கவுறு திரிக்கிறாப்பல இழுக்காதீங்க" என்பாள். ஒரு நாள் அப்படிப் பின்னிக்கொண்டிருக்கும்போது, திரும்பாமலே, "அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சுங்களே, அது என்னுங்க?" என்றாள். "எந்தச் சத்தம்?" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்த மாவுக்கட்டுக்குள் கிடந்து எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தெரிந்து பேசாமல் இருக்கிறாள் என்றால் அது ஒன்று. தெரியாமல் உன்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள் என்றால் அது வேறு. எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்காது.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. உன் கல்யாணத்துக்கு முதல்நாள், மாப்பிள்ளை அழைப்புக்குச் சம்பந்தி வீட்டார் கார் அனுப்பியிருந்தார்கள். நீ முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய் உட்கார்ந்தாய். கதவோரத்தில் நின்று பார்த்தேன். இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். நாதசுரம் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று ஆரம்பித்துவிடும். நான் அதற்காகக் காத்திருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் எழுதினால் புத்தி வந்துவிடுகிறது. பழைய காரை வைத்துக்கொள். விற்காதே. பத்தொன்பது அங்குல டயர் தேடு, பருமன் ஐந்து. கிடைக்க மாதக்கணக்கு ஆகும். ஆகட்டும். டியூபும் அதே அளவு. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே டயர். ரிம்மை உள்ளே தடவிப் பார், துரு தின்றிருந்தால் ரிம்மையும் மாற்று. இடைவெளியை எதை வைத்தும் அடைக்காதே. யாராவது சேராது என்று சொன்னால், அவர் லாரிக்காரராக இருந்தாலும், நின்று ஏன் என்று கேள். பிறகு நீ ஓட்டு. நீ நன்றாக ஓட்டுகிறவன். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து நீ ஓட்டுவதைப் பார்த்தவனும் நான். இதை மட்டும் நம்பு. மற்றதில் என்னை நம்பாமல் போனாலும் சரி.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அவளுக்கு எழுத்துத் தெரியாது, நீதான் படிக்க வேண்டும். கித்தானை எறிந்த இடத்தையும், சரளை என்று நான் சொன்னதையும் விடாமல் படி. நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. உன் வாயால் சொல்ல வைக்கிறேன். இதுவும் ஓர் அநியாயம்தான். வேறு வழி தெரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போனால் போகட்டும், கூப்பிடாதே. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும்போது என்னைப் பார்க்கச் சேலத்தில் இறங்கவும் வேண்டாம். மருமகளிடம் மாமனாருக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லிக்கொள்.

அத்தை மகன் அங்கே சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸிலேயே திரும்பிவிடுவான். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்பு. டயரைக் கழற்றிவிட்டேன் என்று ஒரு வரி. நலமா என்று கேட்க வேண்டாம், அப்பா என்று ஆரம்பிக்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கோபத்தில் எழுதினாலும் போதும். கழற்றிவிட்டேன் என்று மட்டும் எழுது.